பிரதர் சொல்லாமல் விட்ட பெயர்

கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அவர் கண்ணை மூடும் அந்த அரை நிமிடம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கார்களுக்கான தகட்டுப் பாகங்களை அடித்துத் தரும் தொழிற்சாலை அது. சாப்பாட்டுக்கு இருபது நிமிடம்தான் விடுவார்கள். சாம்பார் வாளி நம்மிடம் வந்து சேர்வதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். அந்த அவசரத்திலும் அவர் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உதடு மட்டும் அசையும். எதிர் மேசையில் இருக்கும் நான் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைவேன். அப்படி யாரைப் பற்றி, என்னதான் சொல்கிறார் என்று மனதுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு மனிதன் கடவுளோடு பேசுவதைக் கூட நான் யாரோ யாரிடமோ போட்டுக்கொடுப்பதைப் போலத்தான் பார்த்தேன்.

எல்லோரையும் ‘பிரதர்’ என்று கூப்பிட்டதால் கடைசியில் அவருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பிரஸ் லைனுக்கு லைன் லீடர். இருங்காட்டுக்கோட்டையில் ஊர்ப் பையன்கள் நான்கு பேரோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அறையே ஜெபக்கூடமாகிவிடும். நான் குன்றத்தூர்க்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மெயின்டனன்ஸ் பிரிவில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். எங்கள் சித்தப்பாவுக்கு உள்ளூர் அரசியலில் கொஞ்சம் செல்வாக்கு உண்டு. “பாட்டுதானே பாடுறானுங்கன்னு சும்மா பாத்துகினு இருக்காத. மொதல்ல பாட்டு, அப்பால பாயசம், அதுக்கப்பால ஒன் பேரையே மாத்திடுவானுங்க” என்பார். அவர் சொன்னதில் பாதியை நம்பினேன். மீதிப் பாதிக்கு எனக்குச் சொந்தமாகவே காரணம் இருந்தது.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓ.டி. கட்டாயம். பிரதருக்கு மட்டும் கிடையாது. அப்போதுதான் சங்கம் ஆரம்பித்திருந்தோம். நான் இணைச் செயலாளர். நிர்வாகம் எங்களை அங்கீகரிக்கவில்லை. மாலையில் டீக்கடையில் நாங்கள் பேசியது மறுநாள் காலை ஆபீசுக்குத் தெரிந்திருக்கும். “ஒருத்தனுக்கு மட்டும் சண்டே லீவ சும்மா குடுப்பானா மேனேஜ்மென்ட்டு? எதையாவது குடுத்துதான் வாங்கியிருப்பான்” என்று எங்கள் சங்கத் தலைவர் சொன்னபோது, எல்லோர் மனதிலும் இருந்த பெயர் ஒன்றுதான். ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

“இன்னா பிரதர், ஒனக்கு மட்டும் எப்பிடி சண்டே லீவு?”

“எனக்கு மட்டும்னு நான் கேக்கல பிரதர். எல்லாருக்கும் விடணும்னு எழுதிக் குடுத்தேன். எனக்கு மட்டும் குடுத்தாவ.”

“அப்ப வாங்கிக்கினியே!”

அவர் சிரித்தார்.  அந்தச் சிரிப்பை வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டேன். அவரும் லேசில் பிடித்துப்போகிற மனிதர் இல்லை. சம்பளத்தன்று குடித்துவிட்டு மறுநாள் தலைவலியோடு வருகிறவனை நிறுத்தி வைத்து அறிவுரை சொல்வார். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் தன்னையே திட்டியதைப் போல முகம் சுளிப்பார். நல்லவன் என்று தெரியும்படி நடந்துகொள்கிறவனை நம்பக்கூடாது என்பது அந்த வயதில் எனக்குக் கொள்கையாகவே இருந்தது.

ஒரு நாள் முதல் ஷிஃப்ட்டில் பிரஸ் இயந்திரம் ஒன்று நின்று நின்று ஓடியது. கை உள்ளே போனால் இயந்திரத்தை உடனே நிறுத்துவதற்கு ஒரு சென்சார் உண்டு. அதில் கோளாறு. கை போகாதபோதும் நிறுத்திக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டு, “டார்கெட் போவுதுய்யா. இப்போதைக்கு பைபாஸ் பண்ணி வுடு, மத்தியானம் பாத்துக்கலாம்” என்றார். பேனலைத் திறந்து சிறிய வயர் ஒன்றைப் போட்டேன். சென்சார் இருந்தும் இல்லாததாகிவிட்டது. ஐந்து நிமிட வேலை. பேனலை மூடித் திரும்பினால் பிரதர் நிற்கிறார்.

“இது சரியா வருமா பிரதர்?”

“இன்ஜினியர் சொல்லிட்டாரு. வோணும்னா நீ போய் அவராண்ட கேளு.”

அவர் இன்ஜினியர் அறைப் பக்கம் பார்த்தார். பிறகு லைனைப் பார்த்தார். போய்க் கேட்கவில்லை. கையைத் தூக்கி லைனை ஓட்டச் சொன்னார்.

காலை டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சத்தம் கேட்டது. திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் அந்த இயந்திரத்தில் நின்றிருந்தார். கல்யாணமாகிக் குழந்தை உள்ளவர். அதிகம் பேசமாட்டார். சிக்கிய தகட்டை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். உள்ளே கை போனால் நின்றுவிடும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். நிற்கவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் போயின. அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நான் பேனலைத் திறந்து அந்த வயரைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். என் கை நடுங்கவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தொழிலாளியே சென்சாரைச் செயலிழக்கச் செய்திருக்கலாம் என்று கருதப்படுவதாகவும், உள்விசாரணை நடக்கும் என்றும் அதில் இருந்தது. அந்தப் பேனலின் சாவியைக்கூட அவர் பார்த்ததில்லை. எங்கள் தலைவர் கொதித்துப் போய், “பைபாஸ் பண்ணது யாருடா? மெயின்டனன்ஸ்ல ஒனக்குத் தெரியாமயா?” என்று கேட்டார். “தெரியலண்ணே” என்றேன். ஷிஃப்ட் இன்ஜினியரும் அதையேதான் சொல்லியிருந்தார். நிர்வாகத்தின் பொய்யும் சங்கத்தின் பொய்யும் என் வாயில் ஒரே சொல்லாகிப் போயின.

அதற்குப்பின் பிரதரைவிட்டு என் கண் விலகவில்லை. என்னைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் எனக்கு முன்பே அங்கே இருப்பார். கட்டிலருகே நின்று சத்தமாக ஜெபித்தார். அடிபட்டவரின் மனைவி என்ன செய்வதென்று தெரியாமல் புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தார். ‘பொய்யானதை அகற்றும்’ என்று ஜெபத்தில் ஒரு வரி வந்தபோது, எனக்காகவே சொல்கிறார் என்று முதுகு வியர்த்தது. கை போனவனிடம் வந்து மதம் மாற்றுகிறான் என்று வெளியே வந்து நாலு பேரிடம் சொன்னேன். அந்தப் பேச்சு வேகமாகப் பரவியது. சித்தப்பாவின் ஆட்கள் இருவர், அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளரைப் பார்த்துப் பேசினார்கள். ஞாயிறு ஜெபக்கூட்டம் நின்றது.

விசாரணைக்கு முந்தின நாள் மனிதவள அதிகாரி பிரதரைக் கூப்பிட்டுப் பேசினார். அந்த அதிகாரியும் சர்ச்சுக்குப் போகிறவர்தான். மேலே இருப்பவர்களுக்குக் கீழ்ப்படிவதும் விசுவாசம்தானே என்று பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிரதர், “கீழ்ப்படிஞ்சதாலதான் சார் அவருக்கு வெரல் போச்சு” என்றாராம். டீ கொண்டுபோன ஆபீஸ் உதவியாளர் சொல்லி, அந்த வார்த்தை ஒரே மணி நேரத்தில் கேன்டீன் முழுக்கச் சுற்றியது. எல்லோரும் கைதட்டாத குறை. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. இப்படிப் பேசுகிறவன் நாளைக்கு என் பெயரையும் சொல்வான்.

விசாரணையில் தொழிலாளி தரப்பில் உதவிக்கு உட்கார்ந்தவன் நான்தான். பிரதர் உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். குரல் சிறிதாக இருந்தது.

“அவரு எதையும் தொடல சார். காலையிலேயே பைபாஸ் பண்ணியாச்சு. இன்ஜினியர் சொல்லித்தான் நடந்துச்சு. தெரிஞ்சேதான் நான் லைன ஓட விட்டேன். அது என் தப்பு.”

“வயரைப் போட்டது யார்?” என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

 அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

“தெரியும் சார். ஆனா சொல்லமாட்டேன்.”

இடைவேளையில் எங்கள் தலைவர் அவரை மடக்கி, “தெரியாதுன்னு சொல்லிட்டா வேலையாவது மிஞ்சும்ல?” என்றார். “தெரிஞ்சத தெரியாதுன்னு எப்படிண்ணே சொல்லுதது?” என்றார் பிரதர். திரும்ப உள்ளே போனபோதும் அதே பதில்தான்.

அடிபட்டவர் மேல் பழி விழவில்லை. நஷ்ட ஈடு கிடைத்தது. இன்ஜினியரை வேறு ஆலைக்கு மாற்றினார்கள். பாதுகாப்பு விதியை மீறியதற்காகவும் விசாரணைக்கு ஒத்துழைக்காததற்காகவும் பிரதரை வேலையைவிட்டு நீக்கினார்கள். அவருக்காகச் சங்கம் பேச வேண்டுமா என்று கமிட்டியில் கேள்வி வந்தது. “லைன் லீடர் மெம்பரே இல்ல. அவன் நம்ம ஆளும் இல்ல” என்று சொன்னவன் நான். யாரும் மறுக்கவில்லை. ஒரு வாரத்தில் அவர் அறையைக் காலி செய்துவிட்டுப் போனார்.

பிறகு வந்த ஆண்டுகளில் நான் வளர்ந்தேன். சங்கச் செயலாளரானேன். கேட் மீட்டிங்குகளில் அந்த மூன்று விரல்களைப் பற்றி உருக்கமாகப் பேசிக் கைதட்டல் வாங்கினேன். கட்சியிலும் ஒரு பொறுப்பு கிடைத்தது. ஆனால் அந்த ‘சொல்லமாட்டேன்’ உள்ளே கிடந்து பிறாண்டியது. ஏன் சொல்லவில்லை? என்றாவது ஒருநாள் வந்து காரியம் சாதித்துக்கொள்ளவா? நானாகவே தேடிப்போய் அவர் ஜெபக்கூட்டத்தில் மண்டியிட வேண்டும் என்றா? அன்பு, மன்னிப்பு என்று அவர்கள் சொல்வதெல்லாம் மனிதனைச் சத்தமில்லாமல் கட்டிப்போடும் வழியோ என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். மன்னித்தவனை என்ன செய்வது?

இரண்டாயிரத்துப் பதினைந்தில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து, ஆற்றோரப் பகுதிகள் முங்கியபோது, குன்றத்தூரை ஒட்டிய பள்ளிக்கூடம் ஒன்றில் ஜனங்களைத் தங்க வைத்திருந்தோம். கட்சி சார்பில் பொறுப்பு என்னுடையது. ஒரு காலை, சர்ச்சிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வேன் வந்தது. பொட்டலத்துக்குள் துண்டுப் பிரசுரம் வைத்திருப்பார்கள், பார்க்காமல் விடாதே என்று சித்தப்பா போன் செய்திருந்தார். வேனை நிறுத்தி, “எல்லாத்தையும் பிரிச்சிக் காட்டு” என்றேன். முழங்கால் வரை சேறோடு இறங்கி வந்தவர் பிரதர்.

 பசியோடு வரிசையில் நின்ற ஜனங்களுக்கு எதிரிலேயே அவர் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துக் காட்டினார். எலுமிச்சை சாதம், கொஞ்சம் துவையல். இருபது பொட்டலத்துக்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை. வரிசையில் நின்ற ஒரு அம்மா, “சாமியெல்லாம் அப்பால பாத்துக்கலாம்பா, புள்ளைங்க பசில கீது” என்று கத்தினார். கொடுக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கினேன்.

எல்லாம் முடிந்து அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அருகில் போனேன். அத்தனை வருடக் கேள்வி ஒரே வரியாக வந்தது. “அன்னிக்கி என் பேர ஏன் சொல்லல?”

“நெசத்தச் சொல்லவா?” என்றார். “ஒங்களக் காப்பாத்த இல்ல பிரதர். பயந்துட்டேன். நீங்க உள்ளூர்க்காரவிய. நாங்க அஞ்சு பேரு ஒங்க சித்தப்பாவுக்கு வேண்டியவரு வீட்ல வாடகைக்கு இருந்தோம். ஒங்க பேரச் சொல்லிட்டு அந்த ரூமுக்குத் திரும்பிப் போகணும்லா? சபையில எல்லாரும் நான் மன்னிச்சிட்டதா நெனச்சிப் பாராட்டுனாவ. நானும் இல்லன்னு சொல்லாமக் கேட்டுக்கிட்டே இருந்தேன். அதுதான் எனக்குப் பெரிய பாவமாத் தெரியுது.”

அவருடைய மன்னிப்பை நான் சந்தேகப்பட்டது சரிதான். அவர் நான் பயந்த அளவுக்குப் புனிதர் இல்லை. ஆனால் அந்தச் சரி எனக்கு எந்த நிம்மதியையும் தரவில்லை. ஏனென்றால், தன்னைப் பற்றிய கெட்ட செய்தியை இவ்வளவு எளிதாக எடுத்துச் சொல்லக்கூடிய ஒருவரை என் கட்சியிலோ என் சங்கத்திலோ நான் பார்த்ததில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “வெரல் போனவரு இப்ப ஒரகடத்துலதான் இருக்காரு. ஒரு குடோன்ல வாட்ச்மேன். என் தப்ப நான் எப்பவோ போய்ச் சொல்லிட்டேன். மிச்சம் ஒங்களது” என்றார்.

வெள்ளம் வடிந்த அடுத்த வாரம், பகலில், என் பைக்கில் இருவரும் போனோம். குடோன் கேட்டுக்கு வெளியிலேயே பிரதர் நின்றுவிட்டார். உள்ளே அடிபட்டவர் இடது கையால் பேனாவைப் பிடித்து லாரி எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். வயர், பேனல், பாக்கெட், ‘தெரியல’ என்றது, எல்லாவற்றையும். நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் சட்டைப் பையில் தெரிந்த கட்சி அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தினி வருசம் கழிச்சி இப்ப இன்னாத்துக்குச் சொல்ற? எலெக்‌ஷன்ல நிக்கிறியா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் நிற்கிறாயா என்று அந்த வாரம்தான் கட்சியில் கேட்டிருந்தார்கள். “கேட்டுகினு இருக்காங்கண்ணே” என்றேன்.

“அப்ப நில்லு. மைக்க வச்சிகினு என் வெரலப் பத்திப் பேசுவல்ல, அதோட இதையும் சேத்துச் சொல்லு. அப்ப நம்புறேன்.”

லாரி ஹாரன் அடித்தது. அவர் எழுந்து கேட்டைத் திறக்கப் போனார்.

நான் தேர்தலில் நிற்கவில்லை. மனசாட்சிதான் தடுத்தது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். மைக்கின் முன்னால் நின்றால் அதைச் சொல்லியாக வேண்டுமே என்ற பயம்தான் தடுத்ததோ என்ற சந்தேகம், இதை எழுதும் இந்த நேரத்திலும் எனக்குத் தீரவில்லை.