சம்சுவுக்கு இன்னொரு பெயர்

"சம்சு தமிழ் வார்த்தையாண்ணே?"

போன வாரம் மலேசியாவில், ஈப்போவில் தேநீர் குடிக்கும்போது ஒரு நண்பர் கேட்டார்.

இல்லை. எஸ்டேட்டுகளில் மலிவாய்க் கிடைத்த அந்த மதுவின் பெயர் சீனத்திலிருந்து வந்தது. மூன்று தடவை காய்ச்சியது என்று அர்த்தம் சொல்கிறார்கள். மலாய்க்காரர்களின் 'அராக்' அரபியிலிருந்து வந்தது. அங்கே வேர்வை என்று பொருளாம். ஆவி வேர்த்து, சொட்டுச் சொட்டாக வடிகிறதே... அதனால்.

"அப்ப எஸ்டேட்டுல நம்மாளுங்க என்ன சொல்வாங்க?"

எனக்கு அஞ்சலையின் ஞாபகம் வந்தது.

எழுபதுகளில் நான் ஓர் ஆஸ்பத்திரியில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஒரு மத்தியானம், காம்பார் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டிலிருந்து மாரிமுத்து என்ற பால்மரத் தொழிலாளியை லாரியில் கொண்டுவந்தார்கள். பேச்சு மூச்சில்லை. கூட வந்த மனைவி அஞ்சலை சொன்னது ஒன்றுதான்.

"மருந்து குடிச்சிட்டாரு."

எஸ்டேட் ஆள் மருந்து குடித்தார் என்றால்? புல்லுக்கு அடிக்கும் விஷம் – வேறென்ன? நர்ஸ் டாக்டரிடம் அப்படியே சொன்னார். வயிற்றுக்குள் குழாயை விட்டுக் கழுவ ஆரம்பித்தார்கள். தற்கொலை முயற்சி குற்றமாயிற்றே... போலீஸ்காரரும் வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. என்னைக் கூப்பிட்டார்கள்.

"எந்த மருந்துக்கா? டின்னு வச்சிருக்கீங்களா?"

"டின்னு இல்லலா, போத்தலு. சீனன் கடையில வாங்குறது. தெனமும் குடிப்பாரு."

"தெனமுமா?"

அஞ்சலை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "இன்னிக்குத்தான் ஜாஸ்தியாப் போச்சு."

சம்சு! அந்தக் காலத்தில் போத்தல் மேலேயே உடம்புக்கு நல்லது என்று ஒட்டியிருக்கும். பிள்ளைகளிடமும், கூடப் பிறந்தவர்களிடமும், கோயிலிலும் மருந்து என்றே சொல்லிச் சொல்லி, அஞ்சலைக்கு வேறு சொல்லே வாயில் வரவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் குழாயை எடுக்கச் சொன்னார். போலீஸ்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் மாரிமுத்து எழுந்து உட்கார்ந்தார். தொண்டையெல்லாம் புண். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அஞ்சலையிடம் விசாரித்தார்.

"என்னக்கா ஆச்சு இவருக்கு?"

மாரிமுத்து முந்திக்கொண்டார். "ஒடம்பு சரியில்லண்ணே, அதான்..."

அஞ்சலை கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"சாராயம்," என்றார்.

வார்டில் எல்லோருக்கும் கேட்டது. மாரிமுத்து போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.

அகராதி பார்க்காமலே அவருக்கு அர்த்தம் புரிந்துவிட்டது.