மூன்றாம் முறையாக வந்த அம்மை

போன மாசியில் பாகூர் ஏரிக்குப் பறவை பார்க்கக் கிளம்பினேன். பறவைகள் மேல் எனக்கு அப்படியொன்றும் பிரியமில்லை. ஏரிக்கரையிலிருந்து ஐந்து நிமிட நடையில் அக்கா வைக்கும் மீன் குழம்பு இருக்கிறது, அவ்வளவுதான். புதுச்சேரியிலிருந்து இருபது கிலோமீட்டர். ஆறரை மணிப் பஸ் முக்கால் மணி நேரத்தில் இறக்கிவிட்டது. பனியில் வயல்கள் பாதிதான் விழித்திருந்தன. நான் அதுகூட இல்லை.

அக்கா வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. மீன் குழம்பு போச்சு!

"வேதாவுக்கு அம்மா வந்திருக்குதுடா. செருப்ப வெளியவே வுடு," என்றாள் அக்கா.

"ஒரே வருஷத்துல மூணாவது தரமா? அம்மா இன்னா, பஸ் பாஸ் எடுத்துட்டாளா?"

"வாயக் கழுவுடா!"

அக்கா மகள் வேதவல்லிக்கு இருபத்தெட்டு வயது. ஒவ்வொரு அறுப்புக்கும் நாள் முழுக்க வெயிலில் நிற்பாள். அடுத்த வாரம் காய்ச்சலும் கன்னச் சிவப்பும் வரும். அம்மை என்றால் மருந்து கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்டக் கூடாது. அறையின் அரையிருட்டில், வேப்பிலை வாசத்துக்கு நடுவே, அவள் மூக்கின் மேல் சிவப்புப் பட்டாம்பூச்சி ஒன்று இறக்கை விரித்துத் தூங்குவதுபோல் இருந்தது. கொப்புளம் ஒன்றுகூட இல்லை.

"வெரல மடக்க முடியல மாமா. காலு வீங்கிக்கிச்சு. ஒண்ணுக்குப் போனா நொரையா வருது," என்று கிசுகிசுத்தாள்.

எனக்கு அப்போதுதான் தூக்கம் முழுதாகக் கலைந்தது. உடனே ஆஸ்பத்திரி என்றேன். அக்கா வாசல் வேப்பிலையைப் பார்த்தாள். "சாமி கோச்சுக்கிச்சுன்னா?"

"சாமியையும் கூட்டிம்போலாம், வா."

ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய். ஓட்டுநர் தயங்கினார். "அம்மா வந்த ஆளாச்சே, சார்."

"நடுவுல நான் ஒக்காந்துக்கறேன்."

"ஒங்க ஒடம்புக்கு அப்புறம் யாருக்கு எடம்?"

டாக்டரம்மா ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிட்டு, லூபஸ் என்றார். உடம்பின் காவல்காரனே உடம்பை அடிக்கும் நோய். தோல், மூட்டு, சிறுநீரகம் என்று எதையும் தாக்கலாம். தொற்றாது. பதின்வயது முதல் நாற்பத்தைந்து வரையுள்ள பெண்களுக்கே அதிகம் வரும். ரத்த உறவில் யாருக்காவது இருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடும். வெயில் அதைக் கிளறிவிடும்.

"எனக்கு வருமா டாக்டர்?"

"ஆண்களுக்கும் வரும், குறைவு. நீங்க மொதல்ல தொப்பையப் பாருங்க."

வேதாவின் சிறுநீரகத்தில் பாதிப்பு தொடங்கியிருந்தது. அக்கா, "ரெண்டு தரம் தண்ணி ஊத்தி அனுப்பி வெச்சேனே, யார?" என்றாள்.

பாகூர் போகிறவர்கள் அதிகாலைப் பஸ்ஸிலேயே போங்கள். ஏரி அப்போதுதான் அழகு. உங்கள் வீட்டில் யாருக்காவது முகச் சிவப்பும் மூட்டு வலியும் காய்ச்சலும் வந்து வந்து போனால், அன்றே மருத்துவரிடம் போங்கள். லூபஸ் அடியோடு தீராது; அடக்கி வைக்கலாம். வேதாவின் சிறுநீரகம் தேறுமா என்று தெரிய இன்னும் சில மாதங்கள் ஆகுமாம். அதுவரை அக்கா தினமும் மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கியதும் வேதாவை வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள்.