கையால் வெட்டிய அரை ஏக்கர்

அறுவடை மெஷினின் வயிற்றுக்குள் எப்போதும் யாரோ ஒருவருடைய நெல் கிடக்கும். முன்னர் வெட்டிய வயலின் நெல் உள்ளே சந்துபொந்துகளில் தங்கி நின்று, அடுத்த வயலின் நெல்லோடு சேர்ந்து கொட்டும். சாப்பாட்டுக்கோ விற்பனைக்கோ என்றால் எவரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. விதைநெல்லுக்கு வெட்டுகிறவன்தான் பயப்பட வேண்டும். சென்ற ஆவணியில் நாங்கள் அப்படிப் பயந்தோம். பயந்து, அரை ஏக்கரைக் கையால் வெட்டுவதென்று முடிவெடுத்தோம்.

எனக்கும் மனைவிக்கும் பிறந்தவர்கள் ஒன்பது பேர். இருப்பவர்கள் எட்டுப் பேர். அதில் நாலு பேர் வெளிநாட்டில். மூத்த மகள் வவுனியாவில், அடுத்தவள் வற்றாப்பளையில், ஒரு மகன் யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருக்கிறான். ஏழாவதாகப் பிறந்த மகன் ஒருவன்தான் பரந்தனுக்குக் கிழக்கே, குடியேற்றத்திட்டத்தில் என் தகப்பனாருக்குக் கிடைத்த நாலு ஏக்கர் காணியில் எங்களோடு நின்று கமம் செய்கிறான். முப்பத்தாறு வயது. கல்யாணம் இல்லை. நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே சீனி மூட்டையையும் சவர்க்காரக் கட்டியையும் எண்ணி எண்ணி, பிறகு எதையும் எண்ணாமல் இருக்க முடியாமற் போய்விட்டது. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுகிறேன். செத்தவீட்டில் கதிரைகளை எண்ணுகிறேன். மனைவி இதை ஒரு வருத்தம் என்கிறாள். மருந்து இல்லாத வருத்தம்.

வைகாசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகன் கட்டாருக்கு வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னான். பாஸ்போட் எடுத்து வைத்திருந்தான். எங்களுக்குத் தெரியாது. மனைவி சோற்றில் கையை வைத்தபடியே அழுதாள். எப்படி மறிப்பது? இரண்டு காலபோகம் மாரி வெள்ளம், ஒரு சிறுபோகம் கோடை வறட்சி. அவன் உழைத்ததற்கு நான் சாட்சி. அதற்குமேல் என்னிடம் எதுவும் இல்லை.

அதே மாதத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்தார். சிவப்பரிசியைப் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். எங்கள் வீட்டில் பச்சைப்பெருமாள் என்ற பழைய சிவப்பு நெல் இருப்பதைக் கேள்விப்பட்டு வந்திருந்தார். எவ்வளவு விளைந்தாலும் எடுப்பேன், ஆனால் வெள்ளை கலந்திருந்தால் ஒரு சாக்கும் எடுக்கமாட்டேன் என்றார். அவர் போனபின் மகன் வெகுநேரம் முற்றத்தில் நின்றான். பிறகு வந்து சொன்னான்:

"சிறுபோகத்திலை விதைநெல்லு சரியா வந்தால், காலபோகத்துக்கு நாலு ஏக்கரும் சிவப்புப் போடுறன். வராட்டி நான் போறன். பிறகு ஒருத்தரும் மறிக்கப்படாது."

"ஓம்" என்றேன். மனைவியும் ஓம் என்றாள். அன்றைக்கே அவள் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள்.

அந்த நெல் எங்களிடம் அதிகம் இல்லை. யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுப்போய்த் திரும்பி வந்த வருஷத்தில், ஓமந்தையில் இருந்த மனைவியின் தமக்கை ஒரு சாக்கு தந்தா. அதைத்தான் ஒவ்வொரு வருஷமும் ஒரு மூலையில் விதைத்து, கஞ்சிக்கும் மாவுக்கும் வைத்திருந்தோம். இப்போது அவா இல்லை. அவாவின் பிள்ளைகள் வயலை விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வேறு யாரும் பச்சைப்பெருமாள் போடுவதில்லை. இருந்த விதையை ஒரு மணி மிச்சமில்லாமல் மகன் சிறுபோகத்துக்குப் போட்டான்.

சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயல்களுக்கு மட்டும் திறந்துவிட்டு, அந்த வயல்களை எல்லாக் கமக்காரருக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் எங்கள் நாலு ஏக்கர் அந்த மாதங்களில் மாடு மேய்கிற தரை. எங்களுக்கு வந்தது வேறொருவரின் வயலில் ஒரு ஏக்கர். சுற்றிவரப் பிறருடைய பங்குகள், எல்லாம் வெள்ளை நெல். இடையில் ஒரு முழ வரம்பு. ஓரத்து நெல்லை நம்பமுடியாது, நடுவில் உள்ள அரை ஏக்கரைத்தான் விதைக்கு எடுக்கவேண்டும், அதையும் கையால் வெட்டிக் கையால் அடிக்கவேண்டும் என்றான் மகன்.

கூலிக்கு அரிவி வெட்ட இப்போது ஆள் இல்லை. அதனால் பிள்ளைகளுக்குச் சொன்னோம். வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்தார்கள். மூத்த மகள் குடும்பம் ஐந்து பேர், இரண்டாவது மகள் குடும்பம் நாலு பேர், யாழ்ப்பாணத்து மகனும் மனைவியும் இரண்டு பேர். பதினொரு பேர். எங்கள் மூன்று பேரோடு பதினான்கு. வீட்டில் பாய் ஏழுதான் இருந்தது. அதை நினைத்து நான் முதல்நாள் முழுக்க அந்தரப்பட்டேன். அவர்கள் சிரித்துச் சிரித்துச் சீமெந்து நிலத்தில் படுத்து எழும்பினார்கள்.

விடிந்ததும் வயலில் இறங்கினோம். அரிவாள் ஒன்பதுதான். பிடிக்கத் தெரிந்தவர்கள் ஐந்து பேர். மூத்த மருமகன் வவுனியாவில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிறவர். இரண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தார். நல்ல மனுஷன். நீளக் களிசானை முழங்காலுக்கு மடித்துவிட்டு, தொப்பியும் போட்டுக்கொண்டு முன்னுக்கு நின்றார்.

"அத்தான், நெல்லை வெட்டுங்கோ. காலை வெட்டிப்போடாதேங்கோ" என்றாள் இரண்டாவது மகள்.

"கால் போனால் உன்ரை அக்கா பென்சன் எடுப்பா."

"நீங்கள் வெட்டுற வேகத்துக்கு, பென்சன் வந்த பிறகும் இந்த வரம்பிலைதான் நிப்பியள்."

கனடாவில் இருக்கும் மகன் வீடியோவில் வந்தான். போனைப் பிடித்துச் சுற்றிக் காட்டினார்கள். "ஏன் இந்தக் கரைச்சல்? மெஷினை விடுங்கோவன், நான் காசு அனுப்பிறன்" என்றான். "மெஷின் வெட்டினால் கலந்திடுமடா" என்று கத்தினாள் மூத்தவள். மூத்த மருமகனும் பக்கத்தில்தான் நின்றார். அதைக் கேட்டார்.

மத்தியானத்துக்கு முன்பே அரை ஏக்கரும் விழுந்துவிட்டது. வெட்டிய கதிரைக் கட்டாமல், நிலத்தில் விரித்த படங்கில் குவித்தார்கள். எனக்கு நம்ப முடியவில்லை. மகனின் முகத்தைப் பார்த்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அவன் தமக்கைமாரோடு தனகிச் சிரித்துக்கொண்டு நின்றான். கட்டாரை அவன் மறந்துவிட்டான் என்று அந்த நேரத்தில் நான் எண்ணினேன்.

சாப்பிட்டபின் தெற்கே கருத்தது. எனக்கு மேகத்தைக் கண்டால் இருக்க முடியாது. மழை வருகுது, மழை வருகுது என்று சொல்லிக்கொண்டு குவியலைச் சுற்றி நடந்தேன். கடைசியில் மூத்த மகள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அப்பா, உங்கடை வாயாலைதான் மழை வரப்போகுது. அம்மாவோடை வீட்டை போய்க் கொஞ்சம் படுங்கோ."

மகனும் எங்களோடு வந்தான். கதிரை அடிக்கிறதற்கு இரண்டு தகரப் பீப்பா ஒழுங்கு செய்து வைத்திருந்தான். அதை எடுக்கச் சந்திக்குப் போனான். நான் படுத்தேன். தூரத்தில் மெஷின் சத்தம் கேட்டது. பக்கத்துப் பங்குகளில் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த மெஷின். அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

மகன் பீப்பாக்களை லாண்ட்மாஸ்டர் உழவுமெஷினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது நானும் ஏறிப் போனேன். வயலுக்கு வந்தால் கதிர்க்குவியலைக் காணவில்லை. படங்கில் நெல் குவிந்திருந்தது. பக்கத்தில் வைக்கோல். மெஷின் தள்ளி, அடுத்த பங்கில் ஓடிக்கொண்டிருந்தது. மருமகன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"மாமா, அரை மணித்தியாலம். எல்லாம் முடிஞ்சுது. மெஷின்காரரை மறிச்சு, கையாலை அள்ளி அள்ளி உள்ளுக்குக் குடுத்து அடிச்சாச்சு. மழைக்குப் பயப்பிடாதேங்கோ. காசும் நான் குடுத்திட்டன்."

மகன் பெட்டியிலிருந்து இறங்கவில்லை.

"மெஷினிலை போடப்படாதெண்டு சொன்னதெல்லே, அத்தான்?"

"வெட்டத்தானே கூடாதெண்டியள்? நாங்கள் கையாலைதானே வெட்டினது?"

மூத்த மகள் மருதமரத்தின் கீழே பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தவள் ஓடிவந்தாள். "தம்பி சொல்லித்தான் மெஷின் வருகுதெண்டு நினைச்சன். ஐயோ தம்பி, நாங்கள் எல்லாரும் அப்பிடித்தானடா நினைச்சம்." அதற்குப் பிறகுதான் மருமகனின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நான் குவியலின் ஓரத்தில் குந்தினேன். வெளியே பார்த்தால் இரண்டு நெல்லும் ஒரே நிறம். உமியை உரித்தால்தான் சிவப்பா வெள்ளையா என்று தெரியும். ஒரு கை அள்ளி, நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தேன். சிவப்பு. சிவப்பு. சிவப்பு. ஐந்தாவது வெள்ளை. நூறு உரித்தேன். பதினொரு வெள்ளை. குவியலின் மறுபக்கம் போய் இன்னொரு நூறு. பதின்மூன்று. நடுவில் கையை விட்டு எடுத்தேன். ஒன்பது. மற்றவர்கள் சுற்றி நின்று நான் எண்ணுவதைப் பார்த்தார்கள். எண்ணவேண்டாம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

"தம்பி, இதை விதைக்கலாம்" என்றேன் மகனிடம். "வெள்ளை நெல்லு பச்சைப்பெருமாளைவிடக் கட்டை. கதிர் வரேக்கை ஆளைக் காட்டிக்குடுக்கும். களை பிடுங்கிற மாதிரி அதைப் பிடுங்கி எறியலாம்."

"நாலு ஏக்கரிலையோ?"

"ஓம்."

"ஆரப்பா பிடுங்கிறது?" அவன் சத்தம் போடவில்லை. நின்றவர்களை ஒரு தரம் பார்த்தான். "வெட்ட வந்த பதினொரு பேரும் மார்கழியிலை ஒரு மாதம் வந்து நிப்பினமோ?"

அவர்கள் நிற்கமாட்டார்கள். அவரவருக்குக் கந்தோர், கடை, பள்ளிக்கூடம். அது அவர்களின் குற்றம் அல்ல. யாழ்ப்பாணத்து மகன் மட்டும், "கிழமைக்கு ஒருக்கால் நான் வரலாம்" என்றான். அதைச் சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"சாப்பாட்டுக்கு வைப்பம்" என்றான் ஏழாவது. பீப்பாக்களை அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

மழை பெய்யவில்லை. கருத்த மேகம் அப்படியே முல்லைத்தீவுப் பக்கம் போய்விட்டது.

இரவு மருமகன் சாப்பிடவில்லை. மனைவி தட்டைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்து, "நீங்கள் எங்களுக்கு நல்லது நினைச்சுச் செய்தனீங்கள், சாப்பிடுங்கோ" என்றாள். பிறகு குசினிக்குள் வந்து என்னிடம் சொன்னாள்: "நீங்கள் மழை மழை எண்டு நிக்காட்டி அந்த மனுஷன் மெஷினை மறிச்சிருக்காது." அவள் அதை ஒரு தரம்தான் சொன்னாள். நான் பல தரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மிச்ச அரை ஏக்கரை அடுத்தநாள் மெஷினே வெட்டியது. எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு சாக்கு. விதைக்கென்று ஒதுக்க எதுவும் இல்லாதபடியால் பகிர்ந்து கொடுத்தோம். வந்த மூன்று குடும்பத்துக்கும் மும்மூன்று, எங்களுக்கு மூன்று. எந்தச் சிறுபோகத்திலும் அவர்களுக்கு இவ்வளவு நெல் போனதில்லை. பேரப்பிள்ளைகள் சாக்குகளின் மேல் ஏறி இருந்து கையைக் காட்டினார்கள். மூத்த மகள் வாகனம் திரும்பும்வரை தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதினொரு பேரும் போனபின் ஏழு பாயையும் சுருட்டி வைத்தேன்.

கட்டாரைப் பற்றி அவன் திரும்பக் கதைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் நடக்காது என்பது போல இருந்தோம். புரட்டாதியில் காலபோகத்துக்கு வாய்க்கால் துப்புரவாக்க வரச்சொல்லிக் கமக்காரர் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. அவன் போகவில்லை. கிணற்றடியில் இருந்து மருந்தடிக்கிற மெஷினைத் தேய்த்துக் கழுவினான். தோளில் மாட்டும் பட்டியைக்கூடச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்தான். பின்னேரம் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவன் வெறுஞ்சைக்கிளோடு வந்தான்.

"எங்கை மெஷின்?"

"பக்கத்து வளவு அண்ணைக்குக் குடுத்திட்டன்."

"எப்ப திருப்பித் தருவாராம்?"

அவன் சைக்கிளைச் சுவரோடு சாத்தினான். "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுறா" என்றான்.

ஐப்பசியில் பயணம் என்று அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னான். வயலைக் குத்தகைக்குப் பேசியாயிற்று. எடுப்பவர் வெள்ளைதான் போடுவார். மனைவி இந்த முறை அழவில்லை, அவனுடைய தட்டில் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டாள். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவித்த சிவப்புச் சோற்றுக்குள் வெள்ளை நன்றாகத் தெரிகிறது. உரிக்க வேண்டியதில்லை.