சிவப்புக்கீரையின் மேல் ஒரு பச்சை இணுக்கு

வியாழக்கிழமை காலை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது புவனேஸ்வரி டீச்சரின் மகள் மாலதி தொலைபேசியில் அழைத்தாள். "டீச்சர், அம்மா போய்ட்டாங்க. தூக்கத்துலயே..." விசும்பினாள். பிறகு, "அப்பா இன்னும் ஒண்ணும் சாப்பிடல" என்றாள். இரண்டு செய்திகளில் பின்னதுதான் அவளுடைய தாயாரை அதிகம் வருத்தியிருக்கும்.

புவனேஸ்வரி டீச்சரும் நானும் லாபிஸ் என்ற மலேசியச் சிற்றூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பல ஆண்டுகள் ஒன்றாகப் பணியாற்றினோம். நான் தமிழ், அவர் அறிவியல். சங்குப்பூ ஊறிய நீல நீரில் அவர் எலுமிச்சை பிழிவார். நீர் ஊதாவாகும்; வகுப்பே வியந்து "அலமாக்!" என்று கூவும். ஒருமுறை ஒரு மாணவி சிவப்புக்கீரைச் சாற்றில் பிழிந்து பார்த்தாள். நிறம் மாறவில்லை. டீச்சருக்கு ஒரே மகிழ்ச்சி.

"பாத்தீங்களா? பூவுல இருக்கிற நிறமி வேற, கீரையில இருக்கிறது வேற. ஒண்ணு தெரிஞ்சதும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசக் கூடாது" என்றார்.

ஓய்வுபெற்றபின் டீச்சரும் அவர் கணவரும் மகள் மாலதியோடு பெர்மாஸ் ஜெயாவில் குடியேறினார்கள். நானும் பக்கத்துத் தாமான் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தேன். அங்கேதான் அவருடைய கணவர் பரமசிவம் அண்ணனுக்கு மறதி நோய் வந்தது. ரயில் நிலையத்தில் முப்பது ஆண்டுகள் சிக்னல் பார்த்தவர். ஒரு நாள் மனைவியின் பெயரும் அவர் நினைவிலிருந்து நழுவியது.

டீச்சர் தேடித் தேடிப் படித்தார். காய்கனிகளுக்கு நிறம் தரும் பொருள்கள் மூளைக்கும் நல்லது செய்யக்கூடும் என்று அறிந்ததும் சமையலை மாற்றினார். ஊதா சர்க்கரைவள்ளி, பூசணி, முருங்கைக்கீரை, சங்குப்பூச் சோறு என்று தட்டு நிறையும்.

கோவிலில் ஒரு பெண்மணி கேட்டார்: "கலர் கலரா குடுக்கறீங்களாமே டீச்சர், ஞாபகம் திரும்பிடுச்சா?"

"திரும்பல லா. உதவலாம்னுதான் சொல்றாங்க, குணமாக்கும்னு யாரும் சொல்லல. டாக்டர் மருந்தும் கூடவே போகுது. ஆனா மறந்தவருக்கும் பசிக்குமில்ல? பசிக்கிறப்ப நல்லதா குடுக்கலாமே."

ஒரே ஒரு சிக்கல். சிவப்புக்கீரையோ பீட்ரூட்டோ தட்டில் இருந்தால் அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். மற்றதையும் தொட மாட்டார். டீச்சர் உப்பைக் குறைத்துப் பார்த்தார், தேங்காய்ப்பூ தூவிப் பார்த்தார். பயனில்லை. அண்ணன் இளைத்துக்கொண்டே வந்தார்.

ஒரு நண்பகல் நானும் அந்த மேசையில் இருந்தேன். "சாப்பிடுங்கண்ணே" என்றேன். அவர் என்னைக் கண்டிப்போடு பார்த்தார்.

"செவப்பு விழுந்திருக்கு. கண்ணு தெரியல?"

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "ஊருக்கெல்லாம் நிறத்தைப் பத்திப் பாடம் நடத்துனேன். இந்த மனுஷனுக்குச் செவப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியாம போச்சு பாருங்க!"

வாசல் தொட்டியிலிருந்து ஓர் இணுக்கு கறிவேப்பிலை கிள்ளிவந்து கீரையின்மேல் வைத்தார். "லைன் கிளியர்" என்று ரயிலுக்கு வழிவிடுவது போலச் சொன்னார். அண்ணன் தலையசைத்துவிட்டு உண்ணத் தொடங்கினார். அன்றுமுதல் அந்த வீட்டில் சிவப்பு எதுவும் பச்சை இல்லாமல் மேசைக்கு வந்ததில்லை.

"என் பேரு ஞாபகம் வர வேணாம் டீச்சர். நான் பச்சை காட்டுனா கெளம்புறாருல்ல, அது போதும்" என்று புவனேஸ்வரி டீச்சர் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

இறுதிச் சடங்கு முடிந்த மாலை. அண்ணன் அதுவரை பால் மட்டுமே குடித்திருந்தார். டீச்சர் புதன்கிழமை ஆய்ந்து வைத்திருந்த சிவப்புக்கீரையை என் வீட்டில் சமைத்துக் கொண்டுபோனேன். மாலதி அதன்மேல் இணுக்கை வைத்தாள். "லைன் கிளியர்ப்பா" என்றாள்.

அண்ணன் கரண்டியைத் தொடவில்லை. எதிரே இருந்த காலி நாற்காலியையே பார்த்தார். பிறகு இணுக்கிலிருந்து ஓர் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு எழுந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்த டீச்சர் படத்தின் முன்னால் அதை வைத்தார்.

"லைன் கிளியர். போலாம்."

திரும்பி வந்து தட்டை அருகே இழுத்துக்கொண்டார்.

டீச்சர், அண்ணன் சாப்பிட்டுவிட்டார். நீங்கள் நிம்மதியாகப் புறப்படுங்கள்.