படிகாரத்துக்கும் மசியாத சிவப்பு

பிள்ளையார்பாளையத்தில் சாயம் போடுகிறவள் சம்பூர்ணம். ஒரு நிறம் கண்ணில் பட்டுவிட்டால், அதைப் பட்டில் ஏற்றும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவளைத் தம்பி கலியன் பட்டணத்துக்குக் கூட்டிப்போனதுதான் வினையாயிற்று.

அங்கே ஒரு கடை வாசலில் கண்ணாடிக் குழாய் ஒன்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. திரி இல்லை, புகை இல்லை. பொழுது மங்க மங்க அந்தச் சிவப்பு மிதந்து வந்து அவள் கண்ணுக்குள் இறங்கியது. வீடு திரும்பியதும் மகள் கலாவதியிடம், "உன் முகூர்த்தப் பொடவை அந்த நெறந்தான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்தக் குழாய்களை மாட்டுவதுதான் கலியனின் வேலை. ஒரு பக்கம் பழுதான முழ நீளக் குழாய் ஒன்றை அக்காவிடம் கொண்டுவந்தான். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை.

"நெறம் எங்கடா?"

"அது நியான் வாயுக்கா. நாம மூச்சு வுடற காத்துலயே துளியூண்டு இருக்குது. இதுல ரொம்பக் கொஞ்சமா அடைச்சிருக்காங்க. மின்சாரம் பாஞ்சாத்தான் செவக்கும். மத்தபடி எதோடயும் ஒட்டாது."

"படிகாரம் போட்டா ஒட்டாதது எதுடா?"

சாயக்காரிக்கு வேறு எப்படித் தோன்றும்! கல்யாண நூலைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்தாள். அண்டாவில் இருந்த அரக்குச் சாயத்தில் குழாயை அமிழ்த்தி, முனையைக் குறட்டால் நறுக்கினாள். நிறம் வெளியே வரும் என்று கனவு கண்டபடி குனிந்திருந்தாள். குழாயோ அவள் சாயத்தை மடக்கென்று குடித்துவிட்டது.

குழாயின் நறுக்கிய வாயை விரலால் பொத்தி வெளியே எடுத்தாள். குழாய் முழுக்க அவள் போட்ட சாயம். உச்சியில் மட்டும் அந்த வாயு மிளகளவு குமிழியாக, துளி நிறம் ஏறாமல் நின்றது. பிறகு அதே அண்டாவில் தோய்த்த நூலும் வழக்கமான அரக்குச் சிவப்பாகத்தான் வந்தது. சம்பூர்ணத்துக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அந்த நூலில்தான் புடவை நெய்தார்கள். கல்யாணம் முடிந்து கலாவதி மாகறலில் இருக்கும் புருஷன் வீட்டுக்குப் புறப்படும்போது, "வாக்குத் தவறிட்டேனேம்மா" என்றாள் மகளிடம்.

"எதோடயும் ஒட்டாததை என்னா பண்றதும்மா? நீ போட்ட சாயம் எம்மேல ஒட்டிக்கினு இருக்குதே."

பொழுது மங்கிக்கொண்டிருந்தது. வண்டி தெருமுனை திரும்பும்வரை, தான் போட்ட சிவப்பைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள் சம்பூர்ணம்.