நாற்பத்தொன்றாம் காட்சி

முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். திரைப்படத்துக்கும் எனக்கும் யாதொரு தொடர்பும் இருந்ததில்லை. குறுவை அறுவடை முடிந்து தாளடி நடவுக்காக வயல்களில் நீர் கட்டியிருந்த பருவத்தில், சென்னையிலிருந்து ஒரு படக்குழு எங்கள் ஊருக்கு வந்தது. கையூட்டில் ஊறிய காவல் ஆய்வாளர் ஒருவரையும், சாதிப் பகையால் இரண்டாகப் பிளந்த ஓர் ஊரையும் பற்றிய குற்றக்கதை அது. மூடிக்கிடந்த அரிசி ஆலையைக் காவல் நிலையமாக மாற்றிப் படம்பிடித்தார்கள். உரையாடல்கள் தஞ்சைப் பேச்சாக இல்லையென்பது இயக்குநரின் குறை. அவற்றைத் திருத்தித் தரவேண்டும் என்று உதவி இயக்குநரை என் வீட்டுக்கு அனுப்பினார்.

அவருக்கு முப்பது வயதிருக்கும். உரையாடல் தாள்களை வாசலில் நின்றவாறே நீட்டினார். உள்ளே வரச் சொன்னேன். மறுமுறை அழைத்த பின்னரே வந்து நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். எந்த ஊர் என்று கேட்டேன்.

"இந்த ஊருதாங்க ஐயா. காலனி. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல, கடைசி வீடு."

தெரிந்தவன்போலத் தலையசைத்தேன். எங்கள் தெருவிலிருந்து காலனி அரைக் கல் தொலைவு. நான் அங்கே சென்றதே இல்லை.

நான்கு நாள்களில் பாதியைத் திருத்தினேன். மறுமுறை வந்தபோது அவர் ஒரு தாளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"என்ன?"

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. நீங்க திருத்துனதுக்கப்புறம் இன்ஸ்பெக்டர் திட்டுறது ஆசீர்வாதம் பண்றாப்ல இருக்கு."

நானும் சிரித்தேன். அவர் போன பிறகு மீதியை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். நாற்பத்தொன்றாம் காட்சியில் கை நின்றுவிட்டது.

காவல் நிலையம். ஆய்வாளர் ஒரு தாளை நீட்டுகிறார். எதிரே ஊரில் மதிப்புள்ள ஓர் ஆசிரியர். அவர் தாளை முழுதும் படிக்கிறார். பேனாவைத் திறந்து இரண்டு இடங்களில் பிழை திருத்துகிறார், திருத்திய இடங்களில் சுருக்கொப்பமிடுகிறார், கீழே கையெழுத்திடுகிறார். தேநீர் குடிக்கிறார். பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ இருமும் ஒலி கேட்கிறது. காட்சி முடிகிறது.

அந்த ஆசிரியர் நான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. காலனியார் தம் பிணங்களை எங்கள் தெரு வழியாக எடுத்துச் செல்லும் வழக்கமில்லை. வாய்க்கால் வரப்பிலும், மழைக்காலத்தில் நட்ட வயலின் சேற்றிலும் இறங்கிச் சுமந்து செல்வார்கள். அறுவடை இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞர், சுடுகாட்டுக்குப் பாதை வேண்டுமென்று மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்தார். பத்தாம் நாள் எங்கள் தெருக்காரர் ஒருவரின் வைக்கோற்போர் எரிந்தது. மனுக் கொடுத்தவரையே காவலர் பிடித்துச் சென்றனர்.

அன்று முற்பகல் நான் காவல் நிலையம் சென்றது வேறு காரியமாக. என் மகளின் கடவுச்சீட்டுக்கான விசாரணை அறிக்கை மூன்று வாரங்களாக அங்கே தேங்கிக் கிடந்தது. ஆய்வாளர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க புரொபசர் சார், உக்காருங்க. யோவ், சாருக்கு ஒரு டீ சொல்லு, சக்கரை கம்மியா."

பிறகு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "ஒரு மகஜர் சார். ரெண்டு பெரிய மனுஷங்க கையெழுத்து வேணும். ஒருத்தர் போட்டுட்டாரு. நீங்களும் போட்டுட்டா கேஸுக்கே ஒரு கௌரவம்."

இன்ன பொருளை இன்ன இடத்தில் இன்னார் முன்னிலையில் கைப்பற்றினோம் என்று காவலர் எழுதும் ஆவணம்தான் மகஜர். கைதானவரின் வீட்டுக் கொல்லையில், சாட்சிகள் இருவர் பார்த்திருக்க, மண்ணெண்ணெய்க் கலன் ஒன்று எடுக்கப்பட்டதாக அதில் எழுதியிருந்தது. கலன் ஆய்வாளரின் மேசைக்கடியில் இருந்தது. நீல நிறம், கடையின் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கப்படவில்லை.

"நான் அந்த வீட்டுக்குப் போகவில்லையே" என்றேன்.

"யாரு சார் போனா?" என்று அவர் சிரித்தார். "பாப்பா ஃபைலும் இதே டேபிள்லதான் இருக்கு. மத்தியானம் அனுப்பிச்சுடறேன்."

படித்தேன், முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். நீண்ட வாக்கியம் ஒன்று எழுவாயின்றித் தொங்கிக்கொண்டிருந்தது, அதைச் சீராக்கினேன். இன்னோரிடத்தில் ஒரு சொல் விடுபட்டிருந்தது, சேர்த்தேன். கையெழுத்திட்டேன். ஆய்வாளர் தாளைத் தூக்கிப் பார்த்து, "தமிழ் தமிழாத்தான் இருக்கு சார்" என்றார். அச்சொல் எனக்கு மகிழ்ச்சியளித்தது என்பதையும் நான் மறைக்கலாகாது.

பின்னர் நீதிமன்றத்தில் இரண்டு வினாக்கள் கேட்டார்கள். கையெழுத்து உங்களுடையதா? ஆம். உங்கள் முன்னிலையில்தான் கைப்பற்றினார்களா? ஆம். மனுக் கொடுத்தவருக்கு இரண்டாண்டுச் சிறை. திரும்பி வந்தவரை இயந்திர உரிமையாளர் எவரும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. பூதலூர்ப் பக்கம் குடிபோய்விட்டார் என்று கேள்வியுற்றேன். என் மகள் அதற்குள் அயல்நாட்டில் இரண்டாம் வேலைக்கு மாறியிருந்தாள்.

உதவி இயக்குநர் மீண்டும் வந்தபோது, "நாற்பத்தொன்றை எழுதியவர் யார்?" என்று கேட்டேன்.

"நாந்தாங்க" என்றார். "அண்ணனோட கேஸ் கட்டுல அந்த நகல் இருக்குங்க. திருத்துன எடத்துல இனிஷியல்கூடத் தெளிவாத் தெரியும்."

அவரே தொடர்ந்தார். "படத்துல எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு சீன்தாங்க. மத்ததெல்லாம் டைரக்டரோடது. பொய்க்கேஸுன்னு அண்ணன் சொன்னா, வாத்தியாரே கையெழுத்துப் போட்டிருக்காரே, அவரு பொய் சொல்லுவாரான்னு கேக்கறாங்க. எங்க காலனியிலேயே கேக்கறாங்க. படத்துல பாத்தா நம்புவாங்க." எழுந்துகொண்டே, "பேரு எதுவும் வராதுங்க ஐயா" என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்வதற்காகவே அதைச் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து இயக்குநர் என்னை அரிசி ஆலைக்கு அழைத்தார். நெல் ஊறவைக்கும் தொட்டிகளின் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆய்வாளராக நடிப்பவர் சீருடையோடு மசால்வடை தின்றுகொண்டிருந்தார். அவரைக் கண்டதும் என்னையறியாமல் எழப் பார்த்தேன்.

"உக்காருங்க சார், இது வாடகை யூனிஃபார்ம்" என்று அவர் சிரித்தார்.

இயக்குநர் நேரே செய்திக்கு வந்தார். "சார், இந்த நாப்பத்தொண்ணு எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. தப்புத் திருத்துற அளவுக்கு ஒருத்தர் உக்காந்து படிக்கிறாரு. பொய்யின்னு தெரியுது. அப்புறமும் எப்படி சார் கையெழுத்துப் போடுவாரு? தியேட்டர்ல சிரிச்சிடுவாங்க." பின்னால் நின்ற உதவி இயக்குநரைக் காட்டினார். "இவன் என்னடான்னா, இதான் சார் உசிருங்கிறான். நீங்க இந்த ஊர்ல வாத்தியாரா இருந்தவரு, நீங்களே சொல்லுங்க. அப்படி ஒரு ஆள் இருப்பாரா?"

உதவி இயக்குநர் என்னையே பார்த்தார். அவர் பார்வையில் மிரட்டல் இல்லை, இறைஞ்சலும் இல்லை. ஒரு சொல் போதும்; இருப்பார் என்றால் போதும். நானென்று சொல்லவேண்டிய தேவைகூட இல்லை.

"அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை" என்றேன்.

"கேட்டியாடா?" என்றார் இயக்குநர். "தூக்கிடு. ரெண்டு குடிகாரனுங்களைக் கூட்டிட்டு வந்து, ஆளுக்கு ஒரு குவார்ட்டர் குடுத்துக் கையெழுத்து வாங்குறாப்ல வச்சுக்கலாம். காமெடியும் ஆச்சு."

உதவி இயக்குநர் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அளவுகோல் வைத்ததுபோல நேராக இழுத்தார். அதன்பின் திருத்திய தாள்களை வாங்க என் வீட்டுக்கு வேறோர் ஆள் வந்துபோனார்.

படம் அடுத்த ஆண்டு வெளியானது. தஞ்சாவூரில் பகற்காட்சிக்குத் தனியே சென்றேன். அரங்கு நிறைந்திருந்தது. ஆய்வாளர் அடிவாங்கும் இடங்களிலெல்லாம் விசில் பறந்தது. குடிகாரர் இருவரும் மகஜரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எங்கே ஒப்பமிடுவதென்று தேடும் காட்சியில் என் வரிசை முழுதும் குலுங்கிச் சிரித்தது. பக்கத்து இருக்கைக்காரர், "இவனுங்கள மாதிரி ஆளுங்களாலதான் சார் நாடு கெட்டுப்போவுது" என்று என்னிடம் சொன்னார். "ஆமாம்" என்றேன்.

வெளியே வரும்போது படிக்கட்டருகே உதவி இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். உடன், நரைத்த மீசையோடு ஒருவர். சாட்சிக்கூண்டிலிருந்து ஒருமுறை பார்த்த முகம். கூட்டம் என்னை அவர்கள் முதுகுப்புறத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

"வாத்தியார் வர்ற எடம் எங்கடா?" என்று அவர் தம்பியிடம் கேட்டார். "கடைசிவரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நீளமாயிடுச்சுண்ணே. வெட்டிட்டாங்க."

தம்பி அப்படிச் சொல்லியிராவிட்டால் நான் ஒதுங்கிப் போயிருப்பேன். முன்னே சென்று நின்றேன். என் குரல் எனக்கே அயலாக ஒலித்தது. "நீளம் காரணமில்லை. நான்தான் வேண்டாமென்றேன். அன்று உங்கள் வீட்டுக்கு நான் வரவேயில்லை. அந்தக் கலனை ஆய்வாளரின் மேசைக்கடியில்தான் பார்த்தேன்."

அவர் என்னை அடையாளம் காண்பதற்குச் சற்று நேரமாயிற்று. கண்டதும், பழக்கத்தால் என்று நினைக்கிறேன், கைலியின் மடிப்பை இறக்கிவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை.

"அதை எங்கிட்டச் சொல்லி என்னாங்க ஐயா?" என்றார். குரலில் சினமில்லை. "நீங்க வரலைன்னு எனக்குத் தெரியாதா? எங்க வீடு அது." படியிறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். "தெரியாதவங்கள்லாம் அந்தா போறாங்க பாருங்க."

தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. "வாண்ணே, வண்டிக்கு நேரமாச்சு" என்று அவர் தோளைத் தொட்டார். இருவரும் சாலையைக் கடந்து புகைவண்டி நிலையத்தின் பக்கம் நடந்தார்கள்.

நான் படியிலேயே நின்றேன். கல்லூரி மாணவர்போலத் தோன்றிய இருவர் எனக்கு முன்னால் இறங்கினர். ஒருவன் நுழைவுச்சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தள்ளாடினான். "எங்கய்யா போடணும் கையெழுத்து?" என்று குழறினான். மற்றவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.