அடிமாவில் ஒரு ஒட்டு

பதினெட்டு வருடமாகத் தையல்காரி. ஒரு துணுக்குத் துணியைக்கூட அவள் வீணாக்கியதில்லை. ஞாயிறு தோறும் வீட்டுக்காக ஓவனில், மாவுக்கூட்டுக்குள் பூரணம் வைத்த ‘பை’ பண்டம் சுடுவாள்: நாலு ஆப்பிள் பை, நாலு கோழிக்கறிப் பை. புருஷனுக்குப் பிடிக்குமே என்று ஆப்பிள் பை மாவில் நிலக்கடலைத் தூள் சேர்ப்பாள். சின்ன மகளுக்குக் கடலை பட்டாலே தொண்டை வீங்கிவிடும், அதனால் அவளுக்குக் கறிப் பை மட்டும்தான். பலகை, கத்தி எல்லாம் தனித்தனி.

அன்று மகள் பாதி தின்ற பிறகுதான் தாய்க்குச் சுரீரென்று உறைத்தது. ஒரு கறிப் பையின் அடிமாவு கிழிந்தபோது, கை தன் பாட்டுக்குப் பக்கத்தில் கிடந்த மிச்ச மாவைக் கிள்ளி ஒட்டுப் போட்டிருந்தது. அது நிலக்கடலைத் தூள் கலந்த ஆப்பிள் பை மாவு.

"தட்டைக் குடு."

"பிடுங்காதம்மா, பசிக்குது."

திருப்பிப் பார்த்தாள். அடியில் பழுப்பாக அந்த ஒட்டு, பாதி கடிபட்டிருந்தது.

"பாவாடைக்குப் போடுற மாதிரி இதுக்குமாடி ஒட்டு?" என்று சிரித்த புருஷன், அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனான்.

"அம்மா, நாக்கு அரிக்குது."

அலர்ஜிக்கென்று அலமாரியில் வைத்திருந்த மருந்து ஊசியை எடுத்தாள். அதன் மூடியைக் கழற்ற மூன்று தடவை திணறி, மகளின் தொடையில் குத்தினாள். புருஷன் வண்டியைக் கிளப்பினான்.

மூச்சு சீராகிவிட்டது, ஆனாலும் நாளைக் காலை வரை ஆஸ்பத்திரியிலேயே இருக்கணும் என்றார் டாக்டர்.